எல்லையில் கணினி – 12: டவுட் கேட்டவர்களின் கதை

பர்கூரில் 1994-ல் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கியதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தேன். 1991 தேர்தலில் ஜெயலலிதா இரண்டு தொகுதிகளில் வென்று, தனக்கென்று வைத்துக்கொண்ட தொகுதி பர்கூர். அடுத்த மூன்று ஆண்டுகளில் கல்லூரி வந்தது. ஜவுளிக்கும் மாங்காய்க்கும் பேர்போன வட்டாரத்தில் சி மொழியும் டேட்டா ஸ்ட்ரக்சரும் பாடமாயின. (நம் பர்கூர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், வாணியம்பாடிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் இருப்பது.)

கல்லூரி வந்தது, கணினி வந்தது, புத்தகமும் வந்தது. ஆனால் நிரல் எழுதுவது நீச்சல் மாதிரி. தண்ணீரில் இறங்கிய பிறகுதான் மூச்சு முட்டும். அப்போது கரையில் ஒருவர் நிற்க வேண்டும். 1990களில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்படி நின்றவர்கள் மிகக் குறைவு. லேபில் கணினிக்கு இரண்டு பேர், மூன்று பேர் உட்காருவோம். தேர்வுக்கு வரும் பத்துப் பதினைந்து நிரல்களை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு பலருக்கு அந்தப் பாடம் முடிந்துவிடும். வீட்டில் போய்க் கேட்கவும் வழியில்லை. அப்பா ஜவுளிக் கடையில் பேல் பிரிப்பார், அம்மா மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு சீசன் வேலைக்குப் போவார். அந்தப் பிள்ளைகள் முகம் தெரியாதவர்களிடம் கேட்கக் கற்றுக்கொண்டதையும், பிறகு முகம் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதையும் இந்த இதழில் பார்ப்போம்.

நம்மிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: டவுட். பள்ளிக்கூடம் முதல் பட்டறை வரை எல்லோரும் சொல்வது. “சார், ஒரு டவுட்.” “அண்ணா, சின்ன டவுட்.” தமிழில் சந்தேகம் என்ற சொல் நம்பாமையையும் குறிக்கும், புரியாமையையும் குறிக்கும். அந்த இரட்டைப் பொருளை நாம் ஆங்கிலச் சொல்லின் மேல் ஏற்றிவிட்டோம். இங்கிலாந்துக்காரருக்கோ அமெரிக்கருக்கோ டவுட் என்றால் பெரும்பாலும் நம்பிக்கையின்மைதான். உங்கள் விளக்கத்தில் எனக்கொரு டவுட் என்று நம் மாணவர் பணிவோடு எழுதினால், நான் சொன்னதை இவர் நம்பவில்லை என்று அந்தப் பக்கம் படிப்பார்கள். கடல் கடந்த அறிமுகம் பல நேரம் இந்த ஒரு சொல்லிலேயே இடறியிருக்கிறது.

கேட்பதையும் சொல்வதையும் பற்றி நம் மொழியில் கணக்கே போட்டு வைத்த நூல் ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், தன் பாயிரத்தில் மாணவர் கற்கும் முறையைப் பேசுகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால் பங்கு. மீதிப் பாதி, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேர்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த வரலாறு தெளிவாகப் புரியும். 1990களின் கல்லூரி எங்களுக்கு முதல் கால் பங்கைத் தந்தது. மற்ற முக்கால் பங்கைத் தேடி நாங்கள் தொலைபேசிக் கம்பி வழியாக வெளியே போக வேண்டியிருந்தது.

அந்த வெளி எப்போது உண்டானது? 1979-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யோசித்து, 1980-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது யூஸ்நெட். ஊர்ச்சாவடிச் சுவரில் எழுதி ஒட்டியதுபோல, ஒருவர் எழுதிய கேள்வி கணினி விட்டுக் கணினி பரவி எல்லா இடங்களுக்கும் போய்ச் சேரும். தெரிந்தவர் பதில் எழுதுவார், அதுவும் அதே வழியில் பரவும். இயக்கமுறைகளுக்கு ஒரு குழு, சி மொழிக்கு ஒரு குழு என்று பொருளுக்கொரு குழு இருந்தது. ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று, தான் ஓர் இயக்கமுறை எழுதிக்கொண்டிருப்பதாக அங்கே அறிவித்ததைப் பலர் படித்திருப்பீர்கள். அதற்கு முன்னால், ஜூலையில், அவர் அதே குழுவில் இயக்கமுறைகளுக்கான போசிக்ஸ் விதிமுறைகள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்திருந்தார். இன்று உலகத்தின் பெரும்பாலான சர்வர்களை ஓட்டும் லினக்ஸின் தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு மாணவர் கேட்ட டவுட்டில் போய் நிற்கும்.

இந்தியாவில் 1986-ல் எர்நெட் என்ற கல்வி-ஆய்வு வலையமைப்பு தொடங்கியது. ஐஐடிகள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் போன்ற எட்டு நிறுவனங்கள் அதில் இருந்தன. சென்னை ஐஐடி மாணவருக்கு எண்பதுகளின் கடைசியிலேயே மின்னஞ்சல் தெரியும். பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது. அன்று விஎஸ்என்எல் இணைப்பு கொடுத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. கட்டணம் ஆயிரக்கணக்கில். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம்கூட ஆகவில்லை, தருமபுரியோடு இருந்தது. 1998-ல் தனியார் நிறுவனங்களும் இணைய இணைப்பு தரலாம் என்று அரசு அனுமதித்த பிறகுதான் சிறு ஊர்களில் பிரவுசிங் சென்டர் போர்டுகள் முளைத்தன.

நான் முதலில் போனது கிருஷ்ணகிரியில் ஒரு மாடி அறைக்கு. பர்கூரிலிருந்து அரை மணி நேரம் பஸ். பிளைவுட் தடுப்புக்குள் ஐந்து கணினிகள், மணிக்கு 40 ரூபாய். கேட்க வேண்டியதை முந்தைய நாளே நோட்டில் எழுதிக்கொண்டு போவேன். நிரலைத் தாளில் எழுதி எடுத்துப் போய் அங்கே தட்டச்சு செய்யவே பாதி நேரம் கரைந்துவிடும். கேள்வியைக் குழுவில் போட்டுவிட்டு ஊர் திரும்பி, அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும். பதில் வந்திருக்கிறதா என்று தெரியாமல் அந்த ஏழு நாளைக் கடத்துவது பெரும்பாடு. வந்த பதிலைப் பிரிண்ட் அவுட் எடுக்கப் பக்கத்துக்கு 5 ரூபாய் என்பதால் நோட்டில் கையால் எழுதிக்கொண்டு வந்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

நான் கேட்ட முதல் கேள்வியை இங்கே விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் என் வயதுக்காரர்களில் நிரல் கற்றவர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாள் இதில் மாட்டியிருப்பார். நிரல் முதலில் ஓர் எண்ணைக் கேட்கிறது. பிறகு ஓர் எழுத்தைக் கேட்க வேண்டும். எண்ணை அடித்து எண்டர் தட்டினால், எழுத்தைக் கேட்காமலே நிரல் தாவி ஓடிவிடுகிறது. நானும் அறைத்தோழர்களும் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். காரணம் எளியது. 5 என்று அடித்து எண்டர் தட்டும்போது, 5-ஐ மட்டும், உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப் கட்டளை எடுத்துக்கொள்கிறது. எண்டர் என்பதும் ஓர் எழுத்துதான், அது உள்ளே காத்திருக்கிறது. அடுத்து ‘ஓர் எழுத்து கொடு’ என்று கேட்டவுடன் அந்த எண்டர் போய் நின்றுவிடுகிறது. தீர்வு, இரண்டாவது ஸ்கேன்எஃப்-இல் சதவீதக் குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி விடுவது. ஸ்பேஸ் பட்டையை ஒரே ஒரு தட்டு, அவ்வளவுதான்.

அதற்கு எனக்கு இரண்டு பதில்கள் வந்தன. முதலாமவர் என் சந்தேகத்தைத் தொடவே இல்லை. வாய்ட் மெயின் தவறு, இன்ட் மெயின் என்று எழுது. கோனியோ என்ற தலைப்புக் கோப்பு சி மொழியில் கிடையாது. அவசரம் என்று பெரிய எழுத்தில் எழுதாதே. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளின் தொகுப்பைப் படித்துவிட்டு வா. இப்படி நான்கு வரி. இரண்டாமவர் நான் மேலே சொன்ன காரணத்தைப் பொறுமையாக, எனக்கே எழுதுவதுபோல விளக்கியிருந்தார். அவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது.

முதல் பதில் அன்று சுட்டது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து உணர்ந்தேன். நம் கல்லூரிகள் பிடித்துத் தொங்கியது போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி. நீலத் திரை, டாஸ் காலத்து மென்பொருள். அதற்கு மட்டுமே உரிய சிறப்பு வசதிகளைச் சி மொழியின் இலக்கணம் என்றே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். திரையைத் துடைக்கும் கிளியர் ஸ்கிரீன் கட்டளை இல்லாமல் எழுதிய நிரலுக்கு மதிப்பெண் குறைத்தவர்களும் உண்டு. ஒரே வரியில் ஒரே மாறியை இரண்டு முறை கூட்டிவிட்டு விடை என்ன என்று கேட்பது நம் தேர்வுத் தாள்களிலும் வேலைக்கான தேர்வுகளிலும் சர்வசாதாரணம். அதற்கு மொழியின் விதிப்படி விடையே கிடையாது, கம்பைலர் எதை வேண்டுமானாலும் தரலாம் என்பதை வெளியே கேட்ட பிறகுதான் அறிந்தோம். வகுப்பறை தவறாகச் சொன்னதைத் திருத்த எங்களுக்கு வேறு நாதியில்லை. அந்நியர்கள்தான் திருத்தினார்கள். ஸ்டீவ் சம்மிட் என்ற ஒருவர் 1990 முதல் சி மொழிச் சந்தேகங்களைத் தொகுத்துக் காத்துவந்தார். அது 1995-ல் புத்தகமாகவும் வந்தது. ஸ்கேன்எஃப், வாய்ட் மெயின் உட்பட எங்கள் லேபில் ஓடிய தகராறுகளில் பாதிக்கு அதில் தீர்ப்பு இருந்தது.

எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் 2001-ல், அறிவோடு கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். என்ன செய்ய முயன்றாய், என்ன எதிர்பார்த்தாய், என்ன நடந்தது, பிழைச் செய்தி என்ன சொன்னது என்பதை முறையாக எழுது, கேட்பதற்கு முன் தேடு என்பதே அதன் சாரம். எங்கள் காலத்தில் வேதம்போல அதைக் காட்டுவார்கள். நல்ல அறிவுரைதான். அதில் எனக்கு ஒரே குறை உண்டு. முறையாகக் கேட்கத் தெரிவதற்கே ஒரு படிப்பு வேண்டும். அது இல்லாத பிள்ளை வாயடைத்துப் போய்விடும். பிழைச் செய்தி ஆங்கிலத்தில், கேள்வி ஆங்கிலத்தில், திட்டும் ஆங்கிலத்தில் என்றால், தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வந்தவர் எத்தனை பேர் கேட்காமலே திரும்பியிருப்பார்கள்! அவர்களுக்கு இந்த வரலாற்றில் பதிவே இல்லை.

தமிழில் கேட்டிருக்கலாமே என்று தோன்றலாம். தமிழ் எழுத்து திரையில் வருவதே அன்று பெரும் போராட்டம். ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. நான் அனுப்பிய தமிழ் உங்கள் கணினியில் கட்டங்களாகவும் கொக்கிகளாகவும் தெரியும். மலேசியாவில் 1980களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் இருந்தபடி மயிலை எழுத்துருவை உருவாக்கிய பேராசிரியர் கு. கல்யாணசுந்தரம் உள்ளிட்டோர் 1990களின் பிற்பகுதியில் மின்னஞ்சல் வழியே நாள்கணக்கில் வாதிட்டு, திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உண்டாக்கினார்கள். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று கண்டம் விட்டுக் கண்டம் கேட்டும் திருத்தியும் கட்டிய வேலை அது. தமிழர் தமிழருக்கு நிரல் உதவி செய்த முதல் பெரிய கூட்டம் அதுதான் என்பது என் கணிப்பு. பிற்பாடு யூனிகோடு நிலைத்தது, திஸ்கி வழக்கொழிந்தது. அந்த உழைப்பு வீண் போகவில்லை, கூடிப் பேசும் பழக்கத்தை அது விட்டுச் சென்றது.

சென்னையில் லினக்ஸ் பயனர் குழு இருந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடுவார்கள், மற்ற நாளெல்லாம் மின்னஞ்சல் குழுவில் கேள்வி-பதில். அங்கே கெனத் கொன்சால்வெஸ் என்றால் தெரியாதவர் இல்லை. நீலகிரியில் இருந்துகொண்டு நாடு முழுவதிலுமிருந்து வரும் பைத்தான் சந்தேகங்களுக்குப் பதில் எழுதினார். முந்தைய கடிதத்தை வெட்டாமல் அதன் தலைமேல் பதில் எழுதுகிறவர்களை அவர் விடமாட்டார். கண்டிப்பும் உதவியும் ஒன்றாக வரும். அவர் 2012-ல் மறைந்தார். இந்தியப் பைத்தான் மென்பொருள் சங்கம் அவர் பெயரில் ஆண்டுதோறும் ஒரு விருது தருகிறது. பெருநகரத்தில் இல்லாமலும் ஒருவர் ஒரு தலைமுறைக்கே ஆசிரியராக இருக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று அவர்.

2008 செப்டம்பரில் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எல்லாவற்றையும் மாற்றியது. நல்ல பதிலுக்கு வாக்கு, வாக்குக்குப் புள்ளி, சிறந்த பதில் மேலே. அடுத்த வாரம் வரை காத்திருந்த காலம் போய் பத்து நிமிடத்தில் பதில் வந்தது. பெரும்பாலும் கேட்கவே வேண்டாம், ஏற்கெனவே யாரோ கேட்டிருப்பார்கள். பெங்களூரு அலுவலகங்களில் வேலை பார்த்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதை வைத்துப் பிழைத்தார்கள் என்றால் மிகையில்லை. ஆனால் அங்கே வணக்கம், நன்றி என்று எழுதினால் அழித்துவிடுவார்கள், கேள்வியில் அது சத்தம் என்பது அவர்கள் கொள்கை. பெரியவரிடம் பேசுமுன் ஒரு வணக்கம் வைத்துப் பழகியவருக்கு அது கன்னத்தில் அறைந்தது மாதிரி. புதியவர்களைச் சரியாக வரவேற்கவில்லை என்று 2018-ல் அந்த நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. போர்த்துகீசியம், ரஷ்யன், ஜப்பானியம், ஸ்பானியம் ஆகிய நான்கு மொழிகளில் அவர்கள் தனித்தளம் வைத்தார்கள். இந்திய மொழி ஒன்றில்கூட வைக்கவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் நம்மவர்கள். 2012 ஜனவரியில் த. சீனிவாசனும் நண்பர்களும் கணியம் மின்னிதழைத் தொடங்கினார்கள். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். து. நித்யா எளிய தமிழில் மைஎஸ்கியூஎல் எழுதினார். தொழில்நுட்ப நூல்கள் அடுத்தடுத்து வந்தன. அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை, தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் எழில் மொழியை உருவாக்கினார். விழுப்புரத்தில் 2013 முதல் இயங்கும் குனு லினக்ஸ் பயனர் குழு, சுற்றுவட்டார ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்து இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது. சீனியர் கற்றுத் தர, அடுத்த ஆண்டு அந்த ஜூனியர் சீனியராகிறார். பவணந்தி சொன்ன மீதிப் பாதி அங்கே கண்முன் நடக்கிறது.

அரசும் தன் பங்குக்கு 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. 2018, 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னுக்கு சி பிளஸ் பிளஸும் பிளஸ் டூவுக்குப் பைத்தானும் தமிழிலேயே பாடநூலாயின. இடையில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. கேள்விகள் வாட்ஸ்அப்புக்கும் டெலிகிராமுக்கும் யூடியூப் பின்னூட்டத்துக்கும் இடம்பெயர்ந்தன. “அண்ணா, இந்த எர்ரர் வருது” என்று பிழைத்திரையைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் போதும். ஆங்கிலத்தில் வாக்கியம் அமைக்கத் தெரியாதவரும் முதல்முறையாகக் கேள்வி கேட்டார்.

இனி, மென்பொருள் வரலாறு எழுதுகிறவர்கள் கண்டுகொள்ளாத ஓர் இடத்துக்குப் போவோம். பர்கூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சூளகிரியிலிருந்தும் கம்பெனி பஸ் ஏறி ஓசூருக்குப் போகிறவர்களில் ஒரு பெரும் பகுதியினர் தினமும் நிரல் எழுதுகிறார்கள். அவர்களை யாரும் புரோகிராமர் என்று கணக்கெடுப்பதில்லை. உலோகம் வெட்டும் சிஎன்சி இயந்திரங்களின் ஆபரேட்டர், செட்டர் என்பார்கள். அவர்கள் எழுதுவது ஜி-கோடு, எம்-கோடு. 1952-ல் அமெரிக்காவின் எம்ஐடி செய்து காட்டிய எண்கட்டுப்பாட்டு இயந்திரத்தின் வழிவந்த மொழி அது. ஜி 28 என்றால் டூல் தன் ஆதார இடத்துக்குத் திரும்பும். ஜி 54 ஜாப்பின், அதாவது வெட்டப்படும் பொருளின், தொடக்கப் புள்ளி. எம் 06 டூல் மாற்றம். எம் 30 நிரல் முடிவு. அலுவலகத்தில் எழுதும் நிரலில் பிழை இருந்தால் திரையில் செய்தி வரும். இங்கே பிழை இருந்தால் சுழலும் ஸ்பிண்டில் போய் ஜாப்பில் மோதும். டூல் உடையும், சில நேரம் ஸ்பிண்டிலே போகும், ஆளுக்கும் ஆபத்து.

அந்தப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களை எனக்குச் சிலர் காட்டியிருக்கிறார்கள். நைட் ஷிப்டில், அதிகாரி யாரும் இல்லாத நேரத்தில், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து கேள்விகள் வருகின்றன. அலாரம் காட்டும் திரையின் படம், கீழே ஒரு வரி. நான் பார்த்த ஒன்று: புதிதாகச் சேர்ந்த தம்பி, எக்ஸ் திசையில் 50 மில்லிமீட்டர் போகச் சொல்லி நிரல் எழுதியிருக்கிறார், டூல் அசைந்தது மாதிரியே தெரியவில்லை. என்ன கோளாறு? குரல் பதிவில்தான் கேட்டார். அந்தப் பதிவைக் கேட்டவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒரு சீனியர் மட்டும், “தம்பி, வாயால சொல்லாத, புரோகிராம் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடு” என்றார். படம் வந்தது. அதில் எக்ஸ் 50 என்று இருந்தது, எண்ணுக்குப் பின்னால் புள்ளி இல்லை. பல ஃபேனக் கட்டுப்பாட்டுக் கருவிகளில், செட்டிங்கைப் பொறுத்து, புள்ளி வைக்காத 50 என்பது ஆயிரத்தில் 50 பங்கு, அதாவது 0.050 மில்லிமீட்டர். புள்ளி வைத்தால்தான் 50 மில்லிமீட்டர். இந்த முறை டூல் நகராமல் தப்பியது. இதே புள்ளி வேறோர் எண்ணில் மாறினால் மோதல்தான். “முதல் ஜாப்பை எப்பவும் சிங்கிள் பிளாக்ல ஓட்டுப்பா” என்று அந்த சீனியர் சேர்த்துச் சொன்னார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் இயக்கிப் பார்க்கும் முறை அது.

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். எது மெய், எது உயிர்மெய் என்று இடம் பார்த்துப் படிக்கத் தெரிந்தவர்தான் புலவர். தெரியாதவர் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகினார். ஓசூரின் நள்ளிரவில் அந்த சீனியர் செய்ததும் அதே வேலை. வாயால் சொன்னால் புள்ளி காதில் விழாது என்பதை அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. எரிக் ரேமண்டின் கட்டுரையை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதன் சாரத்தை, எழுதியதை அப்படியே காட்டு என்பதை, திட்டாமல், தம்பி என்று அழைத்துச் சொல்லிக்கொடுத்தார். இந்தத் தொடருக்காக நான் பார்த்த கேள்வி-பதில்களில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் காணவில்லை.

குறையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் அந்தக் குழுவோடு முடிந்தது. மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கும் வேலைவாய்ப்புச் செய்திகளுக்கும் அடியில் புதைந்துவிட்டது. அடுத்த மாதம் சேரும் இன்னொரு தம்பி அதே டவுட்டை முதலிலிருந்து கேட்பார். பதில் சொல்ல அந்த சீனியர் விழித்திருக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாடி அறையில் எனக்குக் கிடைத்த பதில் அப்படிப்பட்டதல்ல. எனக்கு முன்னால் யாரோ கேட்டதற்கு யாரோ எழுதியது பொதுவில் நின்றது, எனக்கு வந்த பதிலும் பின்னால் வந்தவர்களுக்காக நின்றது. பொதுவில் கேட்பதன் அருமை அதில்தான் இருக்கிறது. ஒருவர் தன் அறியாமையைத் தெருவில் வைத்தார், அதனால் ஆயிரம் பேருக்கு வழி கிடைத்தது.

2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்தது. ஐந்தே நாளில், டிசம்பர் 5 அன்று, அது எழுதிய பதில்களைத் தன் தளத்தில் போடக்கூடாது என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை விதித்தது. பார்க்கச் சரியாகத் தெரிந்தும் தவறாக இருந்த பதில்கள் குவிந்ததே காரணம். அதன் பிறகு அங்கே வரும் கேள்விகள் பெருமளவு குறைந்துபோயின. இன்று பர்கூரில் ஒரு மாணவி பைத்தானில் மாட்டிக்கொண்டால் கைபேசியில் தமிழிலேயே கேட்டு நொடியில் பதில் பெறுகிறார். திட்டு இல்லை, காத்திருப்பு இல்லை. என் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் அறிவேன், அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த இயந்திரம் இவ்வளவு பதில் சொல்லக் கற்றதில், முப்பது நாற்பது ஆண்டுகளாக முகம் தெரியாதவர்கள் பொதுவில் எழுதி வைத்த விளக்கங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. பொதுவில் எழுதுவது நின்றுபோனால், புதிய இயந்திரங்களின் புதிய கோளாறுகளுக்கு எங்கிருந்து பதில் வரும்? ஓசூர் செட்டர்கள் அறிந்ததில் மிகச் சிறிய பகுதிதான் எங்கேனும் எழுத்தில் இருக்கிறது, தமிழில் இருப்பது அதிலும் குறைவு.

அதனால் இந்த இதழின் முடிவில் ஒரு வேண்டுகோள். ஓசூர், சூளகிரி, பர்கூர் சிப்காட்டுகளில் ஷிப்ட் பார்க்கும் தம்பிகளே, தங்கைகளே: இந்த வாரம் உங்கள் குழுவில் தீர்ந்த ஒரு டவுட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் வகை, அலாரம் எண், எழுதியிருந்த வரி, திருத்திய வரி, ஏன் திருத்தினீர்கள் என்ற காரணம், இந்த ஐந்தையும் தமிழில் அரைப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். கம்பெனி பெயரும் உங்கள் பெயரும் வேண்டாம். வருவதையெல்லாம் சரிபார்த்து, அடுத்த இதழிலிருந்து இந்தத் தொடரின் கடைசிப் பக்கத்தில் வெளியிடுவோம். முதல் பதிவாக, 50-க்குப் பின்னால் விடுபட்ட அந்தப் புள்ளி வருகிறது.